போர்ட்ஃபோலியோ தளத்துக்கு ஐடியா எங்கிருந்து எடுக்கிறீர்கள்? (பின்டரெஸ்டில் 340 படம் சேர்த்தாயிற்று, தளம்தான் இல்லை)

#1 | சிவகாசிக்காரன்

வணக்கம். பல நாளாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன். முதல் முறையாக எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 11 வருடமாக டிசைனர். பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், நோட்டு அட்டை, மசாலா பாக்கெட், இடையிடையே தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. சென்னை, பெங்களூரு பக்கம் பேக்கேஜிங் வேலை நேரடியாகப் பிடிக்கலாம் என்று ஆசை. பேசுகிற எல்லோரும் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோ லிங்க், அதாவது செய்த வேலைகளைக் காட்டுகிற இணையதளம். நான் வாட்ஸாப்பில் 30 படம் அனுப்புகிறேன். இரண்டு நீல டிக் விழும், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சரி, ஒரு தளம் செய்துவிடுவோம் என்று இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன். டிசைனர்கள் வேலையைப் போடுகிற பிஹான்ஸ், டிரிபிள், அந்த மூன்று டபிள்யூ போட்ட அவார்ட்ஸ் தளம் (Awwwards), எதையும் விடவில்லை. பின்டரெஸ்டில் 340 பின் (சேமித்துவைத்த படம்) சேர்த்தாயிற்று. மூன்று முறை ஆரம்பித்தேன். முதலில் கறுப்புப் பின்னணி, திரை முழுக்க வெள்ளை எழுத்தில் என் பெயர். அடுத்தது நிறைய வெற்றிடம் விட்டு, மூலையில் சின்ன எழுத்து. மூன்றாவது மவுஸ் போகிற இடமெல்லாம் ஒரு வட்டம் துரத்திக்கொண்டு வரும்.

மூன்றுமே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. என் வேலையை உள்ளே வைத்தவுடன் கெட்டுப்போயின. அந்த வெள்ளைப் பரப்பில் என் சங்குசக்கர லேபிளை வைத்தால், யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்தில் அழைப்பில்லாமல் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி முழிக்கிறது. தப்பு லேபிளிலா, தளத்திலா, என்னிடமா?

நீங்களெல்லாம் ஐடியா எங்கிருந்து எடுத்தீர்கள்?

#2 | குட்டிச்சுவர்

340தானா? என்னிடம் 1,100 இருக்கிறது. "தளம் ஐடியா", "தளம் ஐடியா புதுசு", "தளம் ஐடியா இதுதான் கடைசி" என்று மூன்று போர்டு. தளம் இன்னும் இல்லை. சங்கத்துக்கு வரவேற்கிறேன்.

#3 | கோவை_யுஎக்ஸ்

நண்பரே, ஐடியா தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அது வேலையைத் தள்ளிப்போடுவதற்கான மரியாதையான பெயர், அவ்வளவுதான்.

அடோபி கிரியேட்டிவ் கிளவுட் சந்தா இருந்தால் அதிலேயே அடோபி போர்ட்ஃபோலியோ சேர்ந்து வருகிறது, தனியாகக் காசு இல்லை. இல்லையென்றால் தளம் கட்டுகிற ஃபிரேமர், வெப்ஃப்ளோ, வேர்ட்பிரஸ், ஏதாவது ஒன்று. நிரல் எழுதத் தெரிந்தால் கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஒரு டெம்ப்ளேட்டை எடுங்கள், சனி ஞாயிறு உட்காருங்கள், திங்கட்கிழமை லிங்க் கையில். எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறார்களே என்றால், நாற்காலிக்கும் நாலு கால்தான்.

#4 | எழுத்தாணி

சிவகாசித் தம்பி, ஒரு கேள்வி. அந்த 340இல் எத்தனை பட்டாசு லேபிள்? ஒன்றுகூட இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

நீங்கள் போய்ப் பார்த்த இடங்கள் எதற்காக உருவானவை என்று யோசியுங்கள். டிரிபிள் 2009இல் வந்தபோது அங்கே போடுகிற படம் 400க்கு 300 பிக்சல்தான். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பளிச்சென்று தெரிந்தவருக்குக் கைதட்டல் கிடைத்தது. கட்டம் பின்னால் பெரிதாகிவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. அவார்ட்ஸ் தளம் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, பரிசு கொடுக்கிற இடம். அங்கே நடுவர்கள் மதிப்பெண் போடும் கணக்கு: டிசைனுக்கு 40 சதவீதம், பயன்படுத்த வசதிக்கு 30, படைப்பூக்கத்துக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. உங்களைத் தேடி வருகிற மசாலாக் கம்பெனி முதலாளிக்கோ அந்தக் கடைசி 10தான் முக்கால்வாசி. நடுவருக்காகத் தைத்த சட்டையை முதலாளி முன் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள், அதனால்தான் எங்கோ இடிக்கிறது.

சிஎஸ்எஸ் ஸென் கார்டன் என்று 2003இல் டேவ் ஷே ஆரம்பித்த ஒரு தளம் உண்டு. பக்கத்தின் எலும்புக்கூடான எச்டிஎம்எல் ஒன்றே, வாசகமும் ஒன்றே. அதற்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வேறு வேறு சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கிற நிரல்) எழுதி அனுப்பினார்கள். ஒன்று ஜப்பானியத் தோட்டம் மாதிரி இருக்கும், இன்னொன்று சினிமா போஸ்டர் மாதிரி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் புத்தி வந்தது. வாசகம் முதலில், உடை பிறகு. நீங்கள் உடை எடுக்கப் போய் ஆளை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள்.

சரி, இப்போது உங்கள் மேசைமேல் என்னவெல்லாம் கிடக்கிறது? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

#5 | சிவகாசிக்காரன்

அக்கா, நீங்கள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஒன்றுகூட இல்லை. "மினிமல்" என்று போட்டுத் தேடினால் பட்டாசு எங்கே வரும்?

மேசைமேல்: ஆணி அடித்துக் கோர்த்த பழைய தினசரி காலண்டர் ஒன்று. நூல் பார்க்கிற லென்ஸ். பேண்டோன் விசிறி (நிற மாதிரி அட்டைகள்), ஓரமெல்லாம் அழுக்கு. ஃபாயில் (பளபளக்கும் உலோகத் தாள்) சாம்பிள் புத்தகம். டீ கிளாஸ் வைத்து வட்டம் விழுந்த வேஸ்ட் ஷீட்.

வேஸ்ட் ஷீட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆஃப்செட் மெஷினில் புது பிளேட் (அச்சுத் தகடு) மாட்டியதும் நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை ஷீட்டை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நல்ல பேப்பரை வீணாக்குவதில்லை. ஏற்கெனவே ஓட்டிக் கெட்டுப்போன ஷீட்டையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் ஒரே தாளில் நாலைந்து வேலை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இப்போது டீ கிளாசுக்குக் கீழே இருக்கிற ஷீட்டில் மகாலட்சுமி முகத்தின்மேல் புஸ்வாணம், அதன்மேல் கடலைமிட்டாய் ராப்பர், மூலையில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர் பாதி. ஓரத்தில் கலர் பட்டை, கட்டிங் மார்க், கலர்கள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற ரிஜிஸ்டர் மார்க். சிலதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். ஆனால் குப்பைதானே, சாயங்காலம் எடைக்குப் போய்விடும்.

#6 | எழுத்தாணி

அடப்பாவி. அதை எடைக்குப் போடாதீர்கள்!

340 பின்னையும் மூடிவைத்துவிட்டு அந்தத் தாளையே பாருங்கள். இந்த நாட்டில் நூறு டிசைனரில் 99 பேருக்கு அப்படியொரு தாள் கைக்குக் கிடைக்காது. உங்களுக்கு டீ கிளாஸ் வைக்கக் கிடைக்கிறது.

அந்தக் காலண்டரையும் விடாதீர்கள். தினசரி காலண்டர் தாளை யாராவது டிசைனாகப் பார்த்திருக்கிறோமா? உள்ளங்கை அகலத் தாள். நடுவில் தேதி, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கண்ணாடி போடாத பாட்டிக்கும் தெரிகிற அளவில். பக்கத்தில் போனால் கிழமை, தமிழ் மாதத் தேதி. இன்னும் பக்கத்தில் போனால் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. மூக்கு இடிக்கிற தூரத்தில் சூலம், சந்திராஷ்டமம், 12 ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல். விடுமுறை என்றால் சிவப்பு, அதற்கு விளக்கமே தேவையில்லை. இத்தனை தகவலை இத்தனை சின்ன இடத்தில் வைத்து ஒருவருக்கும் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வது பெரிய வித்தை. அதை நீங்கள் வருடத்துக்கு 365 செய்கிறீர்கள். அப்புறம் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற ஸ்விஸ் கிரிட் பற்றிப் படிக்க ராத்திரி கண்விழிக்கிறீர்கள்! (படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பற்றிய முல்லர்-புரோக்மான் புத்தகம் என் அலமாரியிலும் இருக்கிறது.)

#7 | மடிப்பாக்கம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சென்னையில் ஒரு பேக்கேஜிங் ஸ்டுடியோ, 14 பேர்.

எழுத்தாணி மேடம் சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. நாளைக்கே தம்பி ஹோம் பேஜில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு, தாளைக் கிழித்தால்தான் அடுத்த வேலை தெரியும் என்று செய்துவிடுவார் என்பதுதான் என் பயம். செய்யாதீர்கள். நான் போர்ட்ஃபோலியோ பார்க்கிற இடம் எது தெரியுமா? மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், கையில் போன், சிக்னல் இரண்டு கோடு. வரிசையில் முப்பது நாற்பது லிங்க். "லோடிங் 12%" என்று ஓடினால் மூடிவிடுவேன்.

புரூனோ சைமன் என்பவரின் தளத்தைப் பார்த்திருப்பீர்கள், குட்டிக் கார் ஓட்டிக்கொண்டு போய் வேலைகளைப் பார்க்க வேண்டும். அருமையான தளம். ஆனால் அவர் விற்பதே திரையில் முப்பரிமாணம் செய்கிற திறமையை. அங்கே கார்தான் சரக்கு. உங்கள் சரக்கு லேபிளும் பெட்டியும். அதைப் பார்க்க நான் ஏன் கார் ஓட்ட வேண்டும்?

பேக்கேஜிங் ஆளிடம் நான் தேடுவது மூன்று படம். விரித்துப் போட்ட தட்டையான டை-லைன் (வெட்டும் மடிப்பும் குறித்த வரைபடம்), மடித்து ஒட்டிய பெட்டி, கடை அலமாரியில் மற்ற பெட்டிகளுக்கு நடுவே அது நிற்கிற படம். பத்துப் பேரில் எட்டுப் பேர் கம்ப்யூட்டரில் செய்த மாக்கப்பை (மாதிரிப் படத்தை) மட்டும் வைக்கிறார்கள். காற்றில் மிதக்கிற பெட்டி, பின்னால் பீச் கலர். அதைப் பார்த்து இந்த ஆளுக்கு ஒட்டுமடிப்பு எங்கே வரும் என்று தெரியுமா தெரியாதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு வேலைக்கும் கீழே நாலு வரி போதும். வாடிக்கையாளர் என்ன கேட்டார், எத்தனை கலரில் முடிக்க வேண்டியிருந்தது, நீங்கள் செய்தது எது, வேறு யாராவது செய்தது எது. "கதை சொல்லும் வடிவமைப்பு" என்று எழுதுகிறவர்களை நான் கூப்பிடுவதில்லை.

#8 | குட்டிச்சுவர்

"கதை சொல்லும் வடிவமைப்பு" என்று என் பயோவில் இருக்கிறது. அழித்துவிட்டு வருகிறேன்.

#9 | நெசவுக்காரி

காஞ்சிபுரத்திலிருந்து. புடவை டிசைன் செய்கிறேன், அப்பா தறி. இந்த இழையைப் படித்ததும் என் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் முதல் தளம் பக்கவாட்டில் ஓடும். புடவையை விரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. முந்தானையில் ஆரம்பித்து உடல், கரை என்று போய்க் கடைசியில் தொடர்பு எண். பெருமையாக அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அம்மா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. "நின்னு போச்சுடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எட்டு மாதம் அந்தத் தளம் இருந்தது. ஒரு போன்கூட வரவில்லை.

புடவையின் உருவத்தை எடுத்ததுதான் தப்பு, அதன் கட்டுமானத்தை எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டு பக்கக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். சேர்கிற இடத்தில் ஊடை (குறுக்கு) இழைகளைக் கோர்த்துக்கொண்டே போக வேண்டும், அதற்கென்றே தறியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருவார். இப்போது என் தளத்தில் நடுவில் படங்கள், அமைதியான நிறம். இடது ஓரம் மட்டும் அழுத்தமான அரக்கு. அந்த ஓரத்தில்தான் விலை, இழை எண்ணிக்கை, எத்தனை நாள் ஆகும் என்கிற விவரமெல்லாம். பார்க்கிறவர்களுக்குப் புடவை ஞாபகம் வருமா தெரியாது, வர வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு எதை எங்கே வைப்பது என்று குழப்பமில்லை, அதுவே பெரிய விஷயம்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். பிடித்த தளத்தைச் சேமித்துவைப்பதில்லை. பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி, ஒரு மணி நேரம் வேறு வேலை செய்துவிட்டு, ஞாபகத்திலிருந்து நோட்டில் வரைகிறேன். முக்கால்வாசி மறந்துபோயிருக்கும். மறக்காமல் கைக்கு வருவது எதுவோ அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு முறை ஒரு பெரிய ஸ்டுடியோவின் தளத்தை வரைந்து பார்த்தால், மிச்சமிருந்தது பக்க எண் வைத்த விதம் மட்டும்தான். மற்றதெல்லாம் வெறும் பளபளப்பு.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் போய் உங்களுக்குப் பிடித்த டிசைனரின் தளம் பத்து வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்றும் பாருங்கள். ரொம்ப ஆறுதலாக இருக்கும்.

#10 | கோவை_யுஎக்ஸ்

> *மடிப்பாக்கம் எழுதியது:* காற்றில் மிதக்கிற பெட்டி, பின்னால் பீச் கலர்

இதற்கு ஆமோதிப்பு. ஆனால் ராகு காலம், எமகண்டம் என்று போனால் பெங்களூருவில் உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளருக்கு என்ன புரியும்? அவருக்கு அது வெறும் அலங்காரம். "வட்டார மணம்" என்று ஒரு லேபிளை உங்கள்மேலேயே ஒட்டிக்கொள்வீர்கள். அப்புறம் பொங்கலுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

#11 | எழுத்தாணி

> *கோவை_யுஎக்ஸ் எழுதியது:* அது வெறும் அலங்காரம்

நியாயமான பயம். கோலம், கோபுரம், மயிலிறகு என்று மூலைக்கு ஒன்று ஒட்டிவிட்டுத் தமிழ் டிசைன் என்று சொல்கிற கூட்டத்தைப் பார்த்து எனக்கும் எரிச்சல்தான். நான் சொன்னது ராகு காலத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போடச் சொல்லி அல்ல. தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, மிகக் கிட்டத்தில் ஒன்று என்கிற அந்த அடுக்கை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது பெங்களூரு முதலாளிக்கும் புரியும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நெசவுக்காரி இதையே என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

#12 | பழைய_பேஜ்மேக்கர்

தம்பி, நான் 90களில் மதுரையில் டிடிபி வைத்திருந்தவன். எல்லோரும் அழகு பற்றிப் பேசுகிறீர்கள். ஒரு வேலைப் பிரச்சினை சொல்கிறேன்.

உங்கள் பழைய ஃபைலெல்லாம் எந்தக் கருவியிலும் தெரிகிற பொது எழுத்துமுறையான யூனிகோடா? நிச்சயம் இருக்காது. பாமினி, டாம், ஸ்ரீலிபி என்று ஏதோ ஒரு பழைய எழுத்துமுறையில் அடித்திருப்பீர்கள். கோரல் டிராவில் இருந்து காப்பி செய்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் புள்ளியும் கமாவும் கேள்விக்குறியுமாக வரும். கன்வர்ட்டரில் போட்டு மாற்றுங்கள், மாற்றிய பிறகும் ஒரு தடவை வரிவரியாகப் படித்துவிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

ஐடியா கேட்டதால் இதுவும். உங்கள் ஊரில் பழைய அச்சகங்களின் பரணில் ஆல்பம் இருக்கும், ஏறிப் பாருங்கள். 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்து, பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் அங்கே அச்சே வளர்ந்தது. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர். அவர் கையில் உருவான லட்சுமியும் முருகனும் காலண்டராக சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லேபிளில் லை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த எழுத்தை யாரும் ஃபாண்டில் தேடிப் போடவில்லை, வரைந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும். நம் தொழிலில் பக்கத்து லேபிளைப் பார்த்துப் போடுவது சகஜம், தெரிந்ததுதான். அப்படிப் போட்டதைத் தளத்தில் வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் பிராண்டு வெளியே தெரிவதற்கு அச்சக முதலாளியிடமும் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

#13 | சிவகாசிக்காரன்

ஐயா, பாமினிதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

எல்லோருக்கும் நன்றி. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும், அதுவரை மூச்சு விட நேரமில்லை. முடித்துவிட்டு வருகிறேன். வேஸ்ட் ஷீட்டை எடைக்குப் போடவில்லை அக்கா. மெஷின்மேன் அண்ணனிடம் சொல்லி ஒரு கட்டு எடுத்துவைத்திருக்கிறேன். "பைத்தியமாடா உனக்கு" என்றார்.

தமிழ் ஃபாண்ட் எதை எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

#14 | எழுத்தாணி

கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், அனெக் தமிழ். அனெக் உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒரே குடும்பத்தில் ஒடுக்கமும் உண்டு, நன்றாக விரிந்ததும் உண்டு, லேபிளில் எழுத்தை இழுத்து அடக்குகிற கைக்கு அது வசதி. நீளமாக வாசிக்கிற இடத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ்.

ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே விடாதீர்கள். மேலே கி, கீ சுழியும் கீழே கு, ழு வாலும் இடித்துக்கொள்ளும். நான் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைக்கிறேன். தலைப்பில் நீளச் சொல் வந்தால் போனில் திரையைத் தாண்டி ஓடும், "தொடர்புகொள்ளுங்கள்" என்பதையே போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

#15 | கோவை_யுஎக்ஸ்

எதிர்த்துப் பேசிவிட்டுப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை, அந்த வேஸ்ட் ஷீட் மண்டைக்குள்ளேயே நின்றது. சிஎஸ்எஸ்ஸில் மிக்ஸ்-பிளெண்ட்-மோட் என்று ஒன்று உண்டு. அதற்கு மல்டிப்ளை என்று கொடுத்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் மை ஏறுகிற மாதிரியே ஏறும். மஞ்சள்மேல் சயான் (அச்சு நீலம்) விழுந்தால் பச்சை. ஒரே வரி. வேஸ்ட் ஷீட்டின் படத்தை ஒட்டுவதைவிட, உங்கள் லேபிள்களையே இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடலாம். தொட்டால் அந்தந்த வேலை மட்டும் தனியே தெளிவாகத் தெரியட்டும். பக்க அமைப்புக்கு சிஎஸ்எஸ் கிரிட் போதும், 2017இலிருந்து எல்லா முக்கிய பிரவுசரிலும் ஓடுகிறது. சிக்கினால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

#16 | குட்டிச்சுவர்

நாற்காலிக்கு நாலு கால் என்றவர் இப்போது இரும்பு ஊஞ்சல் செய்கிறார்.

#17 | சிவகாசிக்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தளம் ஏறிவிட்டது. லிங்க் என் கையெழுத்து வரியில் இருக்கிறது. என்ன செய்தேன் என்று சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

முதலில் டிசைன் பக்கமே போகவில்லை. நோட்டில் ஒன்பது வேலையைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதினேன். அதற்கே ஒரு வாரம் ஆனது. ஒரு மசாலா பாக்கெட்டைப் பற்றி எழுதும்போதுதான் அதில் நான் செய்த உருப்படியான காரியமே ஞாபகம் வந்தது. ஆறு வகை மசாலாவுக்கும் நாலு கலர் பிளேட் பொது. பெயரும் பட்டை நிறமும் மட்டும் ஐந்தாவது பிளேட்டில் மாறும். அதனால் வாடிக்கையாளருக்கு பிளேட் செலவு நன்றாகக் குறைந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் இது எப்படித் தெரியும்?

ஹோம் பேஜில் ஒன்பது எண்கள், காலண்டர் தேதி அளவில். ஒவ்வொன்றின் கீழும் வேலையின் பெயர், அதற்கும் கீழே சின்னதாக எத்தனை கலர், என்ன பேப்பர். காலண்டர் மாதிரி வேறெதுவும் இல்லை, கிழிக்கவும் முடியாது. மடிப்பாக்கம் சார் நிம்மதியாக இருக்கலாம். மேலே ஒரு பட்டையில் மட்டும் மூன்று லேபிள் ஒன்றன்மேல் ஒன்று, கோவை அண்ணன் சொன்ன அந்த ஒரு வரி. பக்கத்தின் அடியில் கலர் பட்டை, ரிஜிஸ்டர் மார்க்.

மாட்டிக்கொண்ட இடம் கலர். முதல் நாள் ஏற்றியபோது பக்கம் 38 எம்பி, திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அச்சுக்குக் கொடுக்கிற 300 டிபிஐ படத்தை அப்படியே போட்டிருந்தேன். அதுவும் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறத்தில். சில போனில் மகாலட்சுமி பச்சை ராமர் மாதிரி ஆகிவிட்டார். எல்லாவற்றையும் திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றி, அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து, இணையத்துக்கான வெப்பி ஃபைலாக்கியதும் மொத்தமே இரண்டு எம்பிக்குள் வந்துவிட்டது.

ஃபாயில் வேலைதான் கடைசி வரை மானத்தை வாங்கியது. தங்க ஃபாயிலை ஸ்கேன் செய்தால் சாணி நிறம். கடைசியில் லேபிளை ஜன்னலோரம் பிடித்து, மெதுவாகச் சாய்த்து, போனிலேயே நாலு நொடி வீடியோ எடுத்தேன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. விரல் தெரிகிறது, நகத்தில் மை. வெட்டிவிடலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

#18 | மடிப்பாக்கம்

போனில் திறந்தேன். மூன்று நொடியில் வந்துவிட்டது. நன்றி.

குறை: 4ஆம் எண் மஞ்சள், வெள்ளைப் பின்னணியில். வெயிலில் நின்று பார்த்தால் எண்ணே இல்லை. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்று குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) அளவு இருக்கிறது, அதுகூட வராது. அச்சில் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவீர்கள் அல்லவா, அதையே இங்கும் போடுங்கள். அப்புறம், போன் எண் மூன்று விரல் தள்ளினால்தான் வருகிறது. மேலே கொண்டுவாருங்கள்.

மசாலா பிளேட் விஷயத்தை முதல் வேலையாக வையுங்கள். ஒன்பதாவதாக ஏன் வைத்தீர்கள்? நான் ஐந்தோடு நிறுத்தியிருப்பேன்.

நகத்தில் மை இருக்கட்டும்.

#19 | நெசவுக்காரி

அந்த ஃபாயில் வீடியோவை ஏழு தடவை பார்த்தேன். நாளைக்கு ஜரிகையை இதே மாதிரி எடுக்கப் போகிறேன். கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன் என்று பதிவாகட்டும்.

#20 | சிவகாசிக்காரன்

தாராளமாக எடுங்கள் அக்கா. காலை எட்டு மணி வெயில்தான் சரி, மதியம் எடுத்தால் வெளுத்துவிடும்.

சார், மசாலாவை முதலில் கொண்டுவந்துவிட்டேன், மஞ்சளுக்குக் கோடு போட்டாயிற்று. போன் எண் இப்போது மேலே, வலது மூலையில்.

#21 | குட்டிச்சுவர்

அந்த வேஸ்ட் ஷீட் கட்டில் எனக்கு ஒன்று கிடைக்குமா? சுவரில் மாட்ட. கூரியர் செலவு என்னுடையது.

#22 | சிவகாசிக்காரன்

ஒன்றென்ன, பத்து அனுப்புகிறேன். ஆயுத பூஜைக்கு மெஷினைச் சுற்றி எல்லாவற்றையும் ஒழித்துக் கழுவிவிடுவார்கள், அதற்குள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மாப்பிள்ளை பெயர் பாதி விழுந்த ஷீட்டை மட்டும் கேட்காதீர்கள், அது மெஷின்மேன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.